கொசுவலைக்குள் பூத்த அவரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மீசை இப்போதே உதிர்ந்து விழட்டும்! விழுந்ததா? இல்லையே! அப்படியானால் கேளுங்கள்.

ஓடைக்கரைக் காட்டில் சடையன் என்றொரு முள்ளம்பன்றி. அதன் வளைக்குப் பின்னால் ஓர் அவரைப் பந்தல். மார்கழி பிறந்ததும் பந்தல் முழுக்கப் பூ!

சடையனின் மகள் பூவாயியைப் பெண் பார்க்க மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பந்தலை அண்ணாந்து பார்த்தது.

"பொண்ணு பிடிச்சிருக்கு! தை பிறந்ததும் கை நனைக்க வர்றோம். இந்தப் பந்தல் அவரைக்காய்ப் பொரியல்தான் வேணும், சம்பந்தி! இல்லேன்னா இலையிலயே உட்கார மாட்டோம்!"

கை நனைக்காமல் போனால் கல்யாணம் ஏது? மறுநாள் பத்துப் பூ உதிர்ந்தது. சடையன் காக்கை ஜோசியரிடம் ஓடியது.

"கண்ணு பட்டிருக்கு!" என்றது காக்கை. "பரிகாரம் இருக்கு. முதல்ல நாலு வடை!"

வடை உள்ளே போனதும் கேட்டது: "பந்தலைத் தினமும் வந்து பார்க்கிறது யாரு?"

"கருவண்டுதான். விடிஞ்சதும் வந்துடும்."

"அதோட கண்ணைப் பார்த்திருக்கியா? பாதி மூஞ்சி கண்ணு! அவ்வளவு பெரிய கண்ணு பட்டா எந்தச் செடி தாங்கும்?"

சடையனின் முள்ளெல்லாம் விறைத்து நின்றது.

ஊருக்குள் யார் வீட்டு மொட்டைமாடியிலோ காய்ந்த கொசுவலையைக் காக்கை கவ்விக்கொண்டு வந்தது. அதற்கு எட்டு வடை. சடையன் வலையைப் பந்தல்மேல் போர்த்தி, சுற்றிச் சுற்றி வந்து இழுத்துக் கட்டியது.

விடிந்ததும் கருவண்டு வந்து வலையில் முட்டியது.

"மாமா, என்ன இது? வழி விடுங்க! பூவெல்லாம் காத்திருக்கு!"

"நீயும் உன் கண்ணும்! போடா அந்தப் பக்கம்!"

பதினைந்து நாள் போயிற்று. வலைக்குள் பூத்த பூவெல்லாம் வலைக்குள்ளேயே உதிர்ந்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு பிஞ்சு? மூச்! சடையன் காக்கையைக் கூட்டிவந்து காட்டியது.

"ஒரு வலை போதாது!" என்றது காக்கை. "இன்னொண்ணு போர்த்தணும். இன்னும் எட்டு வடை!"

அப்போது பந்தலின் பின்பக்கமிருந்து பூவாயி கத்தியது.

"அப்பா! ஓடி வாங்க!"

அங்கே வலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல். வலை கட்டிய அன்று சடையன் திரும்பும்போது அதன் முள்ளே கிழித்தது! கிழிசலைச் சுற்றி மட்டும் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு. கருவண்டு ஒன்றும் தெரியாதது மாதிரி அதன் வழியே வெளியே வந்து பறந்தது.

"பார்த்தீங்களா? வண்டு வந்து போற இடத்துலதான் காய்ச்சிருக்கு! அது வேடிக்கை பார்க்க வரலைப்பா. பூவை மிதிச்சுத் திறந்து, மகரந்தத்தைத் தடவிட்டுப் போகுது. அதுக்கப்புறம்தானே பிஞ்சு பிடிக்கும்!"

சடையன் வலைமேல் ஒரே உருட்டு உருண்டது. வலை நார் நாராயிற்று. அப்படியே கருவண்டு குடியிருந்த பட்டமரத்துக்கு ஓடியது.

"நான் வரலை, மாமா! இத்தனை பெரிய கண்ணு பட்டுப் பந்தல் பொசுங்கிட்டா?"

"புத்தி கெட்டுத் துரத்திட்டேன்! பூவாயி கல்யாணத்துக்காக வாப்பா!"

கருவண்டு வந்தது. மாமன் மச்சான் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

தை பிறந்தது. பந்தலில் இலை தெரியாமல் காய்! மாப்பிள்ளையின் தாய் வாயைப் பிளந்தது.

"அடேயப்பா, என்ன காய்ப்பு! என் கண்ணே பட்டுடும் போலிருக்கே!"

சடையனின் முள் லேசாகச் சிலிர்த்தது. பந்தல் காலில் உட்கார்ந்திருந்த காக்கை, "நாலு வடை..." என்று தொண்டையைக் கனைத்தது.

"நல்லா வைங்க சம்பந்தி, கண்ணை வைங்க!" என்றது சடையன். "அப்படியே இலையில கையையும் வைங்க!"

சம்பந்தி சிரித்துக்கொண்டே கை நனைத்தது. பூவாயி கல்யாணமும் நடந்தது. சடையனுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். முள் குத்திய தழும்பு முதுகில் இருக்கிறது. சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள், குளிர்கிறது.

வருகிறவர் கண்ணிலெல்லாம் பொறாமையைத் தேடுகிறவன், உதவ வந்தவரையும் சேர்த்தே விரட்டிவிடுவான்.

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தக் காக்கை இப்போது எங்கள் வீட்டு மதிலில்தான் உட்காருகிறது!