மன்னரின் லாயத்தில் நெல்

கடலோர நாடு ஒன்றை முன்பொரு காலத்தில் கோதண்டவர்மர் என்ற மன்னர் ஆண்டு வந்தார். அவருக்குக் குதிரை என்றால் உயிர். நல்ல குதிரையைக் கண்டுவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு வருடம் விளைச்சல் அமோகமாக இருந்து, கஜானாவில் பொன் குவிந்தது. அதை முடக்கி வைக்காமல் பெருக்க வேண்டும் என்று சபையில் பேச்சு எழுந்தது. சமயம் பார்த்தாற்போல் கப்பலில் வந்து இறங்கினான் ஒரு குதிரை வணிகன். மொத்தப் பொன்னுக்கும் அவனுடைய குதிரைகளை வாங்கிவிட்டால், குட்டிகளை விற்றே நாடு செழித்துவிடும் என்றார் பொக்கிஷ அதிகாரி மழவராயர். மன்னருக்கு அது தேனாக இனித்தது.

விகடகவி அம்பலத்தாடிக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. மாட்டு வண்டியில் ஏறவே பயப்படும் மழவராயருக்குக் குதிரை மேல் திடீர்ப் பாசம் எங்கிருந்து வந்தது? வணிகன் ஏன் ஒருவரையும் குதிரைகளின் அருகே விடவில்லை? தூறல் விழுந்தபோது தன் பட்டுத் தலைப்பாகை நனைவதைப் பாராமல் அவற்றின் மேல் போர்வை போர்த்த ஓடினானே, அது எதற்கு?

ஆசைப்பட்ட ஒன்றிலேயே பொன் முழுவதையும் கொட்ட வேண்டுமா என்று அம்பலத்தாடி சபையில் மெல்லக் கேட்டான். அவ்வளவு அக்கறை உள்ளவன் தானே போய் வாங்கட்டும், தவறினால் நாட்டை விட்டே போகட்டும் என்றார் மழவராயர். துறைமுகத்தில் குதிரை விற்பவன் அந்த ஒருவன்தான். வாங்கினால் பின்னால் வரும் பழி அம்பலத்தாடிக்கு, வாங்காவிட்டால் தண்டனை என்பது அவர் போட்ட திட்டம்.

எரிச்சலில் இருந்த மன்னரும் ஆணையிட்டார். "அம்பலத்தாடி, இந்தப் பொன் அனைத்துக்கும் குதிரை வாங்கி, அமாவாசைக்குள் என் லாயத்தை நிரப்பு. வேறு எதற்கும் ஒரு காசு போகக் கூடாது."

கலங்கிப்போய் வீடு திரும்பியவனை மனைவி வடிவுடையாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நெல்லு கூடம் பூரா கொட்டிக் கெடக்குது. ஒரு குதிரை வாங்கிப் போடுங்கன்னு எத்தனை தரம் சொல்றது?"

அவள் கேட்டது நெல் சேமித்து வைக்கும் மண் குதிர். அம்பலத்தாடி ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அமாவாசையன்று லாயத்தைத் திறந்த மன்னரின் முகம் சிவந்தது. உள்ளே ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக மண் குதிர்கள். எல்லாவற்றிலும் நெல்.

"மகாராஜா, குதிரை வாங்கச் சொன்னீர்கள். குதிரைத்தான் வாங்கியிருக்கிறேன்" என்றான் அம்பலத்தாடி.

நெல்லுக்குப் போன பொன் ஆணையை மீறியதுதானே என்று மழவராயர் சீறினார். சேணத்தோடு குதிரை விலைபோவதைப் போல இவை நெல்லோடு விலைக்கு வந்தன என்றான் அவன்.

மன்னரின் மீசைக்கடியில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆனாலும் ஐயம் தீரவில்லை. இவன் தன்னை ஏய்க்கிறானோ என்று உற்றுப் பார்த்தார். அம்பலத்தாடி கை கூப்பினான். "என்னை நாடு கடத்துவதற்கு முன், அந்த வணிகனின் குதிரைகளைத் தங்கள் கையாலேயே ஒருமுறை குளிப்பாட்டிப் பாருங்கள்."

குளிப்பாட்டினால் குதிரைகளுக்குச் சளி பிடிக்கும் என்று மழவராயர் பதறினார். மன்னர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துறைமுகத்துக்குப் போய், தாமே தண்ணீரை மொண்டு ஊற்றினார். கறுப்புச் சாயம் கரைந்து ஓட, நரைத்த கிழக் குதிரைகள் நடுங்கி நின்றன. லாபத்தில் பாதி மழவராயருக்கு என்று வணிகன் கதறினான். இருவரையும் சிறையில் தள்ளிய பிறகும், ஆசை கண்ணை மறைத்த வெட்கத்தில் மன்னர் ஒரு கிழக் குதிரையின் கழுத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

மறு வருடம் மழை பொய்த்தது. லாயத்து நெல் மக்களுக்குச் சோறும் உழவர்களுக்கு விதையும் ஆனது. மிச்சம் அயல்நாட்டுக்கு நல்ல விலைக்குப் போனது. போட்ட பொன் பெருகி வந்தது. அந்த லாபத்தில் மன்னர் தம் மனத்துக்குப் பிடித்த ஒரே ஒரு குதிரையை வாங்கிக்கொண்டு, அம்பலத்தாடிக்கு ஒரு கிராமத்தைப் பரிசாக அறிவித்தார்.

"பிரபு, அந்த ஊர் ஏரியில் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டான் அவன்.

"என் பரிசையே சந்தேகிக்கிறாயா?"

"பிரியமானவர்கள் கொடுப்பதைத்தான் நான் பார்க்காமல் வாங்கிவிடுவேன். அந்தப் பிரியம் கண்ணை மறைக்கக் கூடாதே என்றுதான் கேட்டேன்."

மன்னர் சபை அதிரச் சிரித்தார். தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி அவன் கையில் பூட்டினார்.

"ஏரியைப் பார்த்துத்தான் ஊரைக் கொடுத்தேன். இதை எதையும் பார்க்காமல் கொடுக்கிறேன்" என்றார்.