முள்ளியின் போணி

ஒரு காட்டில் செவ்வாய்க்கிழமை மட்டும் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஏனென்றால் அன்றுதான் அங்கே சந்தை. புலிகூட அன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்டு, வரிசையில் நின்றுதான் உப்புமண் வாங்கிப் போகும்.

சந்தை கூடும் இடம் ஆற்றோரத்து மருத மரங்களின் அடி. அணில்கள் கொட்டை விற்கும். கரடி தேன் விற்கும். வாலன் என்ற குரங்கு அத்திப்பழம் விற்பான். வாலனுக்கு நல்ல கடை, நல்ல வியாபாரம். ஆனாலும் அடுத்தவர் இடத்தின் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண்.

இத்தனை கடைகள் இருந்தும் முள்ளம்பன்றிகளுக்கு மட்டும் ஒரு கடையும் கிடையாது. "முள்ளு வச்சவங்க பக்கத்துல யாரு போவா?" என்று காடே சொல்லும். முள்ளம்பன்றிகளும் அதைக் கேட்டுக் கேட்டு, அப்படித்தான் போலிருக்கிறது என்று தலையாட்டப் பழகிவிட்டன.

தலையாட்டாதவள் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் முள்ளி.

முள்ளிக்கு இரண்டுங்கெட்டான் வயது. ஏதாவது கேள்வி கேட்டால், "உனக்கு எதுக்கு இதெல்லாம், சின்னப் பிள்ளை" என்பார்கள். கிழங்கு தோண்டச் சொல்லும்போது மட்டும், "இவ்வளவு பெரியவளாயிட்டே, தோண்டக்கூடாதா?" என்பார்கள். அந்த வயது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு ஒரே ஆசை. சந்தையில் கடை போட வேண்டும். சரக்கும் கையில் இருந்தது. முள்ளம்பன்றிக்குப் பழைய முள் தானாக உதிரும், புது முள் முளைக்கும். உதிர்ந்ததை எல்லாரும் மிதித்துக்கொண்டு போவார்கள். முள்ளி மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து வளையின் மூலையில் அடுக்கி வைத்திருந்தாள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, வழுவழுப்பான, வளையாத முட்கள்.

சந்தைத் தலைவர் ஒரு காட்டெருமை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. முள்ளி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"தலைவரய்யா, எனக்கு ஒரு இடம் வேணும்."

"என்ன விக்கப் போறே?"

"முள்ளு."

தலைவர் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். "அந்தக் கடைசி மரத்தடியை எடுத்துக்கோ. ஆனா சட்டம் தெரியும்ல? புதுக் கடைக்கு மூணு சந்தை தவணை. மூணாவது சந்தையில உச்சிவெயிலுக்குள்ள போணி ஆகணும். முதல் விற்பனை நடக்கலேன்னா இடம் வேற ஆளுக்கு. அதுக்கப்புறம் உங்க இனத்துல யாரும் வந்து இடம் கேக்கக் கூடாது."

பக்கத்து மரத்தில் இருந்த வாலன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த இடத்தில் இரண்டாவது கடை போட்டால் வாழைப்பழமும் விற்கலாம் என்று அவன் அப்போதே கணக்குப் போட்டுவிட்டான்.

முள்ளிக்கு இடம் கிடைத்துவிட்டது. வியாபாரம்தான் தெரியாது. அதற்கும் காட்டில் ஒரு வழி இருந்தது.

அத்தி மரக்கிளையில் மரகதம் என்ற கிளி, 'இளைய வியாபாரிகள் பாடசாலை' நடத்திவந்தது. மரகதம் பட்டணத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நான்கு வருஷம் கூண்டில் தொங்கியது. கூண்டுக் கதவு திறந்திருந்த ஒரு நாள் பறந்து வந்துவிட்டது. அங்கே கேட்டதையெல்லாம் தேக்கிலையில் அலகால் கீறி, பாடமாக வைத்திருந்தது. ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் ஒரு இலை.

முள்ளி கொய்யாப்பழத்தோடு போனாள். மரகதம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு முதல் பாடம் சொன்னது.

"வாங்க வாங்க! கிட்ட வாங்க! தொட்டுப் பாருங்க! தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்! இதைச் சொல்லச் சொல்ல ஜனம் குவியும். என் கண்ணால பாத்தது."

முள்ளி அந்த வாரம் முழுக்க இதையே சொல்லிச் சொல்லிப் பழகினாள். தூக்கத்தில்கூட, "தொட்டுப் பாருங்க" என்றாள். பக்கத்தில் படுத்திருந்த அம்மா எழுந்து தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

முதல் சந்தை வந்தது. முள்ளி முட்களைப் பரப்பி வைத்துக் கடை நடுவில் நின்றாள். ஒரு மான் அந்தப் பக்கமாக வந்தது. முள்ளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தாலும், பயம் வந்தாலும், சந்தோஷம் வந்தாலும் முதுகு முள்ளெல்லாம் தானாக எழுந்து நிற்கும். நின்றால் சலசலவென்று சத்தமும் வரும். அதை அடக்க அவர்களால் முடியாது.

முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்க, சலசலவென்று சத்தம் எழ, முள்ளி மானை நோக்கி ஓடினாள். "வாங்க வாங்க! கிட்ட வாங்க! தொட்டுப் பாருங்க!"

மான் அலறிக்கொண்டு ஆற்றைத் தாண்டியது. பின்னால் வந்த முயல்கள் எந்தப் பக்கம் ஓடின என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று சந்தையே அரை நாளில் கலைந்துவிட்டது.

முள்ளி அழவில்லை. அடுத்த கொய்யாப்பழத்தோடு போனாள். மரகதம் இரண்டாம் பாடம் சொன்னது: "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம்! இதுக்கு மயங்காத ஆளே கிடையாது."

இரண்டாம் சந்தையில் முள்ளி தொண்டை வற்றக் கத்தினாள். "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம்!"

வாலன் மரத்திலிருந்து கேட்டான். "ஏ புள்ள, ஒரு குத்து வாங்கினா இன்னொரு குத்து இனாமா?"

சந்தை முழுக்கச் சிரித்தது. கரடி தேன்குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. முள்ளிக்கு முகமெல்லாம் சுட்டது. அம்மா தூரத்துப் புதருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தபோது இன்னும் வலித்தது.

மறுநாள் மூன்றாம் பாடத்துக்குப் போனவள், கொய்யாப்பழத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மரகதக்கா, நீங்க எத்தனை நாள்ல போணி பண்ணினீங்க?"

"நானா? நான் கூண்டுல இல்ல இருந்தேன்!"

"ஒரு தடவைகூட எதையும் வித்தது இல்லையா?"

"கேட்டிருக்கேன். நல்லாவே கேட்டிருக்கேன்," என்றது மரகதம், கொஞ்சம் கோபமாக. "ஒரு எழுத்து பிசகாம சொல்றேனா இல்லையா?"

"பிசகாமத்தான் சொல்றீங்க. அந்தக் கடையில என்ன வித்தாங்க?"

"பட்டு. பருத்தி. பட்டுல கையை வச்சா அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகும்."

முள்ளி தன் முட்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். மரகதம் சொன்னது பொய்யில்லை. பட்டு விற்கிறவன் தொட்டுப் பார்க்கச் சொல்வான். அவள் விற்பது பட்டு இல்லையே! பாடத்தை மனப்பாடம் பண்ணினோமே தவிர, இது எந்தச் சரக்குக்குப் போட்ட பாடம் என்று கேட்காமல் விட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

கொய்யாப்பழத்தைத் தானே தின்றுகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரம் முள்ளி எதையும் மனப்பாடம் செய்யவில்லை. சந்தைக்கு இறங்கும் பாதையில், ஒரு பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பாதை நெடுகக் கருவேல மரங்கள். பத்துப் பேர் போனால் நாலு பேர் நொண்டினார்கள். மான் காலை நக்கிப் பார்த்தது. கரடி பல்லால் முள்ளைப் பிடுங்கப் போய்ப் பாதியை உள்ளேயே முறித்துக்கொண்டது. நரி வலியில் வேறு யாரையோ திட்டிக்கொண்டே போனது. குளம்பாலும் நகத்தாலும் அலகாலும் முடியாத வேலை அது. அதற்கு வழுவழுப்பான, வளையாத, கூரான ஒன்று வேண்டும்.

முள்ளி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். அம்மாவின் காலில் மூன்று மாதமாக ஒரு கருவேல முள் இருந்தது. தான் சேர்த்து வைத்திருந்த முட்களில் ஒன்றை எடுத்து, தோலை நெம்பி, சுண்டினாள். இரண்டு முறை தவறிவிட்டது. "அடி பாவி!" என்று அம்மா கத்தினாள். மூன்றாவது முறை கருவேல முள் வந்துவிட்டது. அம்மா காலை ஊன்றிப் பார்த்தாள். நடந்து பார்த்தாள். பிறகு முள்ளியின் மூக்கை நக்கிக் கொடுத்தாள். முள்ளம்பன்றிகள் கொஞ்சக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அதன் பிறகு தம்பி, தங்கை, சித்தப்பா என்று ஒருவர் காலையும் அவள் விடவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் கை நன்றாகப் பழகிவிட்டது.

மூன்றாம் சந்தை. முள்ளி மரத்தோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். முள் சிலிர்த்தாலும் மரத்தைத்தான் குத்தும். வெளியே முகமும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு சரக்கு முள்ளின் கூர்முனையையும், யாரையும் குத்தாதபடி, ஒரு களிமண் உருண்டைக்குள் செருகி வைத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"கிட்ட வராதீங்க! தொடாதீங்க! தள்ளியே நில்லுங்க! முள்ளுக் குத்தின காலை மட்டும் நீட்டுங்க!"

சந்தை திரும்பிப் பார்த்தது. வராதே என்று சொல்லும் கடையை அதுவரை யாரும் கண்டதில்லை. வராதே என்றால் ஏன் என்று பார்க்கத் தோன்றும் அல்லவா? கூட்டம் கூடியது. கூடினாலும் காலை நீட்ட மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நான் போகட்டுமா, நீ போகிறாயா என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். மர நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தலைவர் வந்து நின்றார். "போணி ஆச்சா?"

"இன்னும் இல்லை அய்யா," என்றாள் முள்ளி.

"அப்புறம் என்ன, இடம் எனக்கு!" என்று வாலன் மரத்திலிருந்து குதித்தான். குதித்த இடத்தில் யாருடைய காலிலோ ஒட்டிக்கொண்டு வந்து உதிர்ந்த கருவேல முள் ஒன்று கிடந்தது. "ஐயோ! அம்மா! செத்தேன்!" என்று ஒற்றைக் காலில் ஆடினான்.

முள்ளி ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பேசாமல் விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"வாலண்ணே, கையை எடுங்க. தொடாதீங்க. காலை மட்டும் நீட்டுங்க."

வலியில் வாலன் நீட்டிவிட்டான். ஒரு நெம்பு, ஒரு சுண்டு. முள் வெளியே வந்து விழுந்தது. வாலன் காலை ஊன்றினான். வலி இல்லை.

தலைவர் கேட்டார். "இது விற்பனையா, உதவியா?"

வாலன் யோசித்தான். விற்பனை என்றால் இடம் போச்சு. "உதவிதான் தலைவரய்யா! சும்மா ஒரு உதவி!"

"அப்படின்னா போணி ஆகலே," என்றார் தலைவர்.

அது உண்மைதான். கூலி பேசாமல்தான் முள்ளி அந்த முள்ளை எடுத்தாள். புதருக்குப் பின்னால் அம்மா கண்களை மூடிக்கொண்டாள்.

தலைவர் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். மரத்தடியில் இன்னும் ஒரு விரல் நிழல் மிச்சம் இருந்தது. இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தப் பின்னங்காலு, குளம்புக்கு நடுவுல. மழைக்காலத்துல இருந்து இருக்கு. எனக்கு உதவி எல்லாம் வேணாம். விலை சொல்லு."

முள்ளி நிமிர்ந்தாள். "ஒரு கட்டி உப்புமண், அய்யா. முள்ளும் எடுத்து விடுறேன், இந்த உருண்டை முள்ளையும் வீட்டுக்குக் குடுத்து விடுறேன்."

"சரி," என்றார் தலைவர், காலை நீட்டியபடி.

முள் வந்தது. தலைவர் வாழ்க்கையில் முதல் முறையாகச் சிரித்தார். முள்ளி அந்த உப்புமண் கட்டியை வாங்கி, முதல் வியாபாரத்தில் வந்ததை எந்த வியாபாரியும் செய்வதுபோல், இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். முதுகு முள் அத்தனையும் சலசலவென்று எழுந்து மரத்தில் பதிந்தன. யாரும் ஓடவில்லை.

"போணி ஆச்சு!" என்று தலைவர் ஆறு எதிரொலிக்க அறிவித்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கரடி தேனடையோடு வந்தது. மான் நெல்லிக்காயோடு வந்தது. புலிகூட வாயை மூடிக்கொண்டு ஒரு பாதத்தை நீட்டியது. வரிசையின் கடைசியில், இன்னொரு காலைத் தூக்கிக்கொண்டு, கையில் இரண்டு அத்திப்பழத்தோடு வாலன் நின்றான். அம்மாவோடு புதருக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த முள்ளம்பன்றிகள் எல்லாம் வெளியே வந்து வெயிலில் நின்றன. "எம் மக! அந்தா உக்காந்திருக்காளே, அவ எம் மக!" என்று அம்மா தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னாள். அவளுக்கு அன்று அலுக்கவே இல்லை.

மரகதமும் பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. "என் மாணவி!" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு, முள்ளியிடம் குனிந்து கேட்டது: "அந்தத் 'தொடாதீங்க, தள்ளி நில்லுங்க' ரொம்ப நல்லா இருக்கு. அடுத்த பாடமா வச்சுக்கட்டுமா?"

"தாராளமா வச்சுக்கோங்க அக்கா. ஆனா இது முள்ளு விக்கிறவ பேச்சுன்னு சேத்துச் சொல்லுங்க."

"சேத்துச் சொன்னா பாடம் நீளமாயிடுமே!"

"நீளட்டும் அக்கா," என்று சொல்லிவிட்டு முள்ளி வரிசைப் பக்கம் திரும்பினாள். "அடுத்தது யாரு? காலை நீட்டுங்க!"

நீதி: பாடம் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்; அது தன் சரக்குக்குப் பொருந்துமா என்று தானே பார்த்துக்கொள்பவர்தான் வியாபாரி ஆவார்.