கரை நடுவே ஒரு கல்

போரில் வென்ற இரண்டு அரசர்கள் அந்த நாட்டை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எல்லைக்கோடு பெரிய ஏரியின் கரை நடுவே விழுந்தது. அங்கே ஒரு கல்லை நட்டார்கள். கல்லுக்குக் கிழக்கே ஒரு படை, மேற்கே ஒரு படை. தாண்டினால் தண்டனை.

தோற்ற நாட்டின் தளபதி கோளரி வாளைக் கொடுத்துவிட்டு, கரையோர மடத்தில் வெள்ளையம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் கிழக்குப் படைத்தலைவன் ஆள் அனுப்பினான். மேற்கைப் பிடிக்க உங்கள் இளைஞர்களுக்கு நாங்கள் ஆயுதம் தருகிறோம், நீர் தலைமை ஏற்க வேண்டும், சாயங்காலத்துக்குள் பதில் சொல்லும் என்று.

கோளரி அம்மையிடம் போனார்.

"ஒத்துக்கொண்டால் மேற்கே இருக்கிற நம் ஆட்களையே வெட்ட வேண்டிவரும். மறுத்தால் கிழக்கே நமக்கென்று காவல் இல்லை. எந்தப் பக்கத்தை நான் பலப்படுத்துவது, அம்மையே?"

"கொஞ்சம் நடப்போம், வாரும்."

கரைமேல் நடந்தார்கள். கிழக்குக் கரை நன்றாக உயர்ந்திருந்தது. கல்லுக்கு அப்பால் மேற்குக் கரையும் அப்படியே. இரு பக்கத்தாரும் தங்கள் பாதிக்கு மட்டும் மண் போட்டிருந்தார்கள். கல் நின்ற இடத்தை யாரும் தொடவில்லை. அங்கே கரை உட்கார்ந்துபோய், தண்ணீர் கல்லைச் சுற்றி வழிந்துகொண்டிருந்தது.

கோளரி நின்றுவிட்டார். எதிரியின் அணிவகுப்பில் இப்படி ஓர் இடத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் தேடியிருந்தார்.

"இங்கே மண் போடுவது யார்?" என்று கேட்டார் அம்மை.

"யாரும் போடக் கூடாது. எல்லை."

"தண்ணீரிடம் சொல்லிவிட்டார்களா?"

கோளரி மடத்துக்கு ஓடினார். கரைக்கு ஆபத்து வந்தால் அடிக்கும் கரைப்பறை அங்கேதான் கிடந்தது. அது கேட்டால் வீட்டுக்கு ஒருவர் மண் போடக் கூடையோடு வர வேண்டும். எந்த ஊர் என்று கேட்பதில்லை. அரசர்களுக்கு முந்தைய வழக்கம் அது. போர் முடிந்ததும் இரு படைகளும் சேர்ந்து செய்த ஒரே காரியம், அந்தப் பறைக்குத் தடை போட்டது.

அவர் அடித்தார்.

இரு பக்கமிருந்தும் கூடைகள் வந்தன. காவலர்கள் ஈட்டியை நீட்டினார்கள்.

மேற்குப் பக்கத்து மீன்காரி ஒருத்தி நிற்கவே இல்லை. "குத்துறதுன்னா சீக்கிரம் குத்து. உன் கூடாரம் என்ன, ஏரிக்கு மேலயா இருக்கு?"

காவலன் திரும்பிப் பார்த்தான். கரைக்குக் கீழே பள்ளத்தில் அவன் கூடாரம் தெரிந்தது. ஈட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

கல்லடியில் கரை உடையத் தொடங்கியிருந்தது; போட்ட மண் நிற்கவில்லை. கனமாக ஏதாவது வேண்டியிருந்தது. இரு பக்கத்து ஆண்களும் எல்லைக் கல்லைப் பிடுங்கி உடைப்புக்குள் உருட்டினார்கள். மண் நின்றது.

கிழக்குப் படைத்தலைவன் நனைந்துகொண்டே வந்தான். "கல் எங்கே?"

"உள்ள பத்திரமா இருக்குங்க," என்றாள் மீன்காரி. "வேணும்னா தோண்டி எடுத்துக்கங்க."

சிரிப்பு கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. போருக்குப் பிறகு முதல் தடவையாகக் கோளரியும் சிரித்தார்.

படைத்தலைவன் அவர் பக்கம் திரும்பினான். "சாயங்காலம் ஆகிவிட்டது. நீர் எந்தப் பக்கம்?"

கோளரி வாயைத் திறப்பதற்குள் அம்மை சொன்னார்.

"கொஞ்சம் ஒதுங்கும், தலைவரே. கூடை வருகிறது."