வாசலில் கிடந்த பனைநார்ச் செருப்பு

கடலோரத்து வேம்படிக்கோட்டையை ஆண்டவர் வீரகண்டர். நல்ல மனிதர்தான், ஆனால் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். அதனால் அவர் சபையில் விகடகவி திருமேனிக்கு எப்போதும் வேலை இருந்தது.

ஒருநாள் செல்லக்கனி கண்ணைக் கசக்கிக்கொண்டு சபைக்கு வந்தாள். உப்பளத் தெருப் பெண். ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி எடுப்பவள். பள்ளியில் பாடம் நடத்திக் காட்டி, நாவரசப் பண்டிதர் 'தேறினாய்' என்றால்தான் வேலை.

"மகாராசா, எங்க தெருவுல ஒருத்தரையும் அவரு தேற விடல. மொதல்ல சத்தமாப் பேசுதேன்னாரு. அப்புறம் மெதுவாப் பேசுதேன்னாரு. நாளைக்குக் கடைசி வாய்ப்பு. அதுவும் போச்சுன்னா திரும்ப உப்பளந்தான்."

மன்னர் முகம் சுளித்தார். "பண்டிதர் பாரபட்சம் பார்க்கிறார் என்று முன்பே புகார் வந்தது. விசாரித்தாயிற்று. அப்படி எதுவும் இல்லையாம்."

"விசாரித்தது யார், மன்னா?" என்றான் திருமேனி.

"பண்டிதர்தான். அவருக்குத்தானே விவரம் தெரியும்?"

திருமேனிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பண்டிதரின் மருமகன் வகுப்பில் குறட்டை விட்டான். 'வகுப்பை அமைதியாக வைத்திருந்தான்' என்று சொல்லி அவனைத் தேறவைத்தது ஊருக்கே தெரியும்.

செல்லக்கனியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான். "ஏம்மா, பண்டிதர் வகுப்பில் எங்கே உட்காருவார்?"

"உள்ள எங்க வந்தாரு? வெளிய பல்லக்குல சாஞ்சு வெத்தலை போடுவாரு. திரையை விலக்கி வாசல்ல கெடக்குற செருப்பைப் பாப்பாரு. பனைநார்ச் செருப்புன்னா எங்க தெரு. அம்புட்டுத்தான், தீர்ப்புச் சொல்லிருவாரு."

"நாளைக்கு அந்தச் செருப்பை எனக்குக் கொடு."

மறுநாள் காலை மன்னரிடம் போய் நின்றான். "மன்னா, பள்ளிப் பிள்ளைகள் உங்கள் வாயால் போர்க்கதை கேட்க ஏங்குகிறார்கள்."

போர்க்கதை என்றால் மன்னருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பின்வாசல் வழியாகப் பள்ளிக்குள் போனவர், கையை வீசி வீசிப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். முன்வாசலில் செல்லக்கனியின் செருப்பு கிடந்தது.

பல்லக்கு வந்து நின்றது. திரை விலகியது, உடனே மூடியது.

"தேறவில்லை!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "குரலே உப்புக் கரிக்கிறது. பரம்பரையிலேயே எழுத்து வாசனை கிடையாது. இதெல்லாம் எதற்கும் உதவாது!"

மீசை துடிக்க மன்னர் வாசலுக்கு வந்தார். பண்டிதர் பல்லக்கிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார்.

"யாருடைய பரம்பரையைச் சொல்கிறீர்?" மன்னரின் கை வாளுக்குப் போனது.

திருமேனி குறுக்கே புகுந்தான். "அவசரப்படாதீர்கள், மன்னா. தேறாதவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. புகார் கொடுங்கள். பண்டிதரே விசாரிப்பார்."

மன்னர் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றே செல்லக்கனி பாடம் நடத்த, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் அந்தப் பள்ளியையே அவளிடம் ஒப்படைத்தார்.

"இந்தப் பண்டிதரை என்ன செய்யலாம், திருமேனி?"

"அவரும் பாடம் நடத்திக் காட்டட்டும், மன்னா. ஆனால் தண்டனை கொஞ்சம் கடுமையாக இருக்க வேண்டும். செல்லக்கனி உள்ளே உட்கார்ந்து முழுதாகக் கேட்பாள்."