மைனாவின் கிழக்கு ஜன்னல்

குளக்கரை மருதமரத்தின் உச்சியில் ஒரு பொந்து இருந்தது. மரங்கொத்தி ஒன்று அளவு பார்த்துக் குடைந்த வீடு அது. வாசல் சின்னது; உள்ளே ஒரு துளி மழை வராது. மரங்கொத்தி வேறு காட்டுக்குப் போனபின், நல்லான் என்ற மைனாவும் அவன் மனைவி வஞ்சியும் அதில் குடிவந்தார்கள்.

வந்ததும் நல்லான் வீட்டைத் திருத்தத் தொடங்கினான். வாசலைப் பெரிதாக்கினான். பிறகு வஞ்சி அடைகாத்த நாட்களில் கிழக்கே ஒரு ஜன்னல் திறந்தான். மரம் உளுத்திருந்ததால் ஜன்னல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாகப் பெயர்ந்துவிட்டது!

குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோன பின், ஒருநாள் பருந்து அடித்து வஞ்சியின் சிறகு ஒடிந்தது. அவளால் மேலே பறக்க முடியவில்லை. கீழே காரைப் புதருக்குள் ஒடுங்கிக் கிடந்தாள். அந்தப் பக்கம் காட்டுப்பூனை நடமாட்டம் உண்டு. நல்லான் கண்மூடாமல் காவல் இருந்தான்.

“வீட்டைக் கைமாற்றிவிட்டுத் தாழ்வான இடத்துக்குப் போ!” என்றான் கருக்கன் என்ற காக்கை. வீட்டுத் தரகுதான் அவன் தொழில். “சாய்ந்த புன்னைமரத்தில் கொடி என்ற அணில் இருக்கிறாள். குட்டி பிறக்கப் போகிறது. அவள் பொந்தில் இடம் போதாது. இருவரும் மாற்றிக்கொள்ளுங்கள்! அங்கே வஞ்சி தத்தித் தத்தியே ஏறிவிடலாம்.”

“ஜன்னல் வழியே மழை அடிக்குமே?”

“பாசியை வைத்து அடை! மேலே மண் பூசு! மழை வரும்வரை யாருக்குத் தெரியும்?”

நல்லானுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் புதருக்குள் வஞ்சி நடுங்கியது கண்ணில் நின்றது. அடைத்தான்.

கொடி வந்து பார்த்தாள். “வாசல் ஏன் இப்படி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது?” என்று சிரித்தாள். பிறகு மண் பூசிய ஓரமாகப் போய்ப் படுத்துப் பார்த்தாள். “இங்கேதான் குட்டிகளைப் படுக்க வைப்பேன். கதகதப்பாக இருக்கிறது!”

நல்லானுக்குத் தாங்கவில்லை. “அங்கே வேண்டாம், அம்மா!” என்று பாசியைக் கொத்தி இழுத்தான். பளீரென்று வெளிச்சம் விழுந்தது. “மழை நேராக இங்கேதான் அடிக்கும். அடைகாத்தபோது வஞ்சி வானத்தைப் பார்க்க ஏங்கினாள். அவளுக்காகத் திறந்தேன். எனக்கு மரவேலை தெரியாது. கெடுத்துவிட்டேன்.”

“முட்டாளே!” என்று கத்தினான் கருக்கன். கொடி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

நல்லான் புதருக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னான். “என்னைத் திட்டு, வஞ்சி. கிடைக்க இருந்த இடத்தையும் விட்டுவிட்டேன்.”

வஞ்சி அவன் கழுத்து இறகைக் கோதிவிட்டாள். “அந்தக் குட்டிகள் நனைந்தால் எனக்குத் தூக்கம் வருமா? பக்கத்தில் வந்து உட்கார்.”

வானம் இருண்டது. அப்போது கொடி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் மரப்பட்டை! “இன்னுமா இங்கே இருக்கிறீர்கள்? என் பொந்தில் பஞ்சு விரித்துவிட்டேன். போங்கள்!”

“ஜன்னல்?” என்றான் நல்லான்.

“பட்டையும் வேலம்பிசினும் தேடித்தான் போனேன். ஓட்டை எங்கே என்று தெரிந்தால் அடைத்துவிடலாம். எத்தனையோ வீடு பார்த்தேன், குறை உண்டு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அங்கெல்லாம் எதை நம்பிக் குடிபோவது?”

அன்று மழை கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் மருதமரத்திலிருந்து குரல் வந்தது. “வஞ்சி! மூன்று குட்டிகள்! ஒன்றுகூட நனையவில்லை!”

“உனக்குச் சாப்பிட என்ன வேண்டும், சொல்!” என்று புன்னைமரத்திலிருந்து கேட்டாள் வஞ்சி. அதற்குள் நல்லான் பழம் தேடிப் பறந்துவிட்டான்.

குறையை மறைக்காமல் சொல்பவரை நம்பி, பெற்ற பிள்ளைகளையும் நிம்மதியாகத் தூங்க வைக்கலாம்.