ஏரிடமிருந்து பிடுங்கிய கால்

மாடும் ஏரும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், வண்டியை மனுஷன்தான் தள்ளினான். சக்கரம் இருந்தது, மேலே பலகை இருந்தது. மாட்டைப் பூட்ட முன்னால் நீளும் மரம் மட்டும் இல்லை. அந்த மரம் ஏருக்குத்தான் இருந்தது. ஏர் அதைத் தன் கால் என்று சொல்லும். அதில் பூட்டிய செவலைக் காளையும் அதன் ஜோடி மயிலையும், அவற்றை வளர்த்த பேச்சியின் கரிசல் நிலத்தை உழும்.

மழை பெய்து மண் பதமாக இருந்த நேரத்தில் நாட்டாமை சங்கிலியாண்டி வந்து நின்றார்.

"பேச்சி, மகளுக்குக் கல்யாணம். சீர்வரிசையைத் தள்ளிக்கிட்டுப் போனா சம்பந்தி வீட்ல சிரிப்பாங்க. ஏரோட காலையும் மாட்டையும் குடு."

"விதைக்கணும் அண்ணாச்சி. ஈரம் காஞ்சிரும்."

"அதுக்குள்ள வந்துருவேன்ல. என்னைய நம்பமாட்டியா?"

நாட்டாமையிடம் மாட்டேன் என்று யார் சொல்வது? அவள் தலையாட்டினாள். "கால் இல்லாம நான் எப்படி நடக்க?" என்று ஏர் கத்தியது. யாரும் காதில் வாங்கவில்லை. காலை உருவி வண்டிக்கு முன்னால் செருகினார்கள்.

கல்யாணம் முடிந்தது. அப்புறம் மறுவீடு, அப்புறம் சந்தை. நாட்டாமைக்கு வண்டிச் சுகம் பிடித்துப்போனது. காலுக்குச் சிவப்புச் சாயம் பூசி மணி கட்டினார். பேச்சியின் நிலத்தைத் தாண்டும்போதெல்லாம் செவலை பார்த்தது. மண் வெளுத்தது, பிறகு வெடித்தது. விதைக்கூடையோடு அவள் வரப்பில் சும்மா நின்றாள்.

சந்தையில் ஒருத்தர் கேட்டார்: "வண்டிக்கு முன்னால என்னங்க இது, ஜோரா இருக்கே?"

"நானே யோசிச்சுச் செஞ்சது. வண்டிக்கால்," என்றார் நாட்டாமை.

அவ்வளவுதான். செவலை நடுத்தெருவில் பொத்தென்று படுத்துவிட்டது. கூடவே மயிலையும். சாட்டை முதுகைக் கிழித்தது.

"எந்திரி, சனியனே! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். அதுக்குத்தான் படுத்திருக்கேன். நீயா செஞ்சே? வெக்கமா இல்ல? யாரு கால்னு சொல்லு, எந்திரிக்கேன்."

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நாட்டாமை பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏர்க்கால்" என்றார்.

"கேக்கல."

"ஏர்க்கால்! ஏர்க்கால்! போதுமா?"

செவலை எழுந்தது. கால் திரும்பி வந்ததா? இல்லை. அந்த ஆள் பேரைச் சொன்னார், பொருளைத் தரவில்லை. பேச்சி வேறு மரம் தேடி ஏருக்கு மாட்டுவதற்குள் பருவம் போய்விட்டது. அந்த வருஷம் அவள் நிலத்தில் ஒரு கதிர் இல்லை. செவலை அதற்கப்புறம் மனுஷனிடம் வாயே திறக்கவில்லை. பேசி என்ன கிடைத்தது? வெறும் பேர்.

ஆனால் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் மாட்டை அவிழ்த்ததும் வண்டியையே முன்னால் இழுத்துச் சாய்த்து, போய் மண்ணில் குத்தியது.

அன்று முதல்தான் வண்டியில் இருக்கும் அந்த மரத்துக்கும் ஏர்க்கால் என்று பேர். எவ்வளவு பெரிய ஆளின் வண்டியாக இருந்தாலும், மாட்டை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள், தலைகுனிந்துதான் நிற்கும். கால் இன்னும் வயலுக்குப் போகத்தான் பார்க்கிறது.