ஒட்டாத இரண்டு எலும்புகள்

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமா பேசின? உடம்புக்குள் இருந்த எலும்புகளும் பேசின. அதிலும் இடுப்பெலும்புகளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மனிதர்கள் நாலு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்ற புதிது. மேலே இருந்த பாரமெல்லாம் இடுப்பில் வந்து இறங்கியது. செம்பி என்பவளின் இடுப்பில் பின்பக்கத்து எலும்புகள் ஐந்தும் நெருங்கி ஒட்டி ஒரே கல்லாகிவிட்டன. முன்பக்கத்தில் வலமும் இடமுமாக வளைந்து வந்த அக்கா, தங்கை என்ற இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி.

"நீயும் வந்து ஒட்டித்தொலை. வளையம் மூடினால்தானே இவள் நிமிர்ந்து நிற்பாள்?" அக்கா தினமும் அதட்டுவாள்.

தங்கையும் நகர்ந்துகொண்டுதான் இருந்தாள். இருவரும் நுனியோடு நுனி பிடித்துக்கொண்ட வேளையில் செம்பிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.

இரண்டு நாளாகியும் பிள்ளை வரவில்லை. துணைக்கு உட்கார்ந்திருந்த மந்தி தலையில் அடித்துக்கொண்டது. "எழுந்து நிற்காதே, நிற்காதே என்றேனே, கேட்டாயாடி? எனக்கெல்லாம் ஓர் இருமலில் பிறந்துவிடும்!"

"வாயை மூடிக்கொண்டு முதுகைத் தேய்," என்றாள் செம்பி.

உள்ளே, தங்கை முதல்முறையாகப் பிள்ளையின் தலையைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. உச்சியில் எலும்பே மூடாத ஓர் இடம். அதன் அடியில் ஒரு துடிப்பு. தொட்டுக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகிக்கொண்டு வந்தது.

"அக்கா, விலகு."

"பைத்தியமா உனக்கு? நாம் கைவிட்டால் இவள் மறுபடி நிற்கவே மாட்டாள். ஆயுசுக்கும் தவழ வேண்டியதுதான்."

"அப்படியென்றால் பிள்ளை சாகட்டுமா?"

வெளியே செம்பி அலறினாள்: "உள்ளே இருக்கிறவளுகளா, வழி விடுங்கடி! நிற்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

தங்கை பிடியை விட்டுவிட்டாள்.

பதறிப்போய் அக்கா அவள் நுனியைப் பற்றினாள். பற்றிய இடம் எலும்பாக இல்லை. இளகி, காதுமடல்போல் வளைகிற குருத்தாக நீண்டது. பிள்ளை தலை குனிந்து, திரும்பி, மண்டையின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டு, யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்த நெருக்கடிக்குள் நுழைந்தது. ஒரு முழு உயிர் அவர்கள் இருவருக்கும் அடியில் கடந்துபோனது. மலை அசைந்து வழிவிட்டதுபோல் இருந்தது தங்கைக்கு.

வெளியே அழுகுரல் கேட்டது.

சில நாள் கழித்து, செம்பி பிள்ளையை அணைத்தபடி மெல்ல எழுந்தாள். தள்ளாடினாள். நின்றாள்.

"சரி, இப்போதாவது ஒட்டிக்கொள்வோமா?" என்றாள் அக்கா.

"இந்தப் பிள்ளைக்கு ஒரு தம்பி வந்தால்?" என்றாள் தங்கை.

அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. பார்த்ததைப் பார்த்த பிறகு எந்த எலும்புக்கும் பேச்சு எழவில்லை.

அன்று முதல்தான் இடுப்பின் பின்பக்கம் கல்லாக இறுகினாலும் முன்பக்கத்து எலும்புகள் இரண்டும் ஒட்டாமல் குருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன; மாதம் நெருங்கியவளின் இடுப்பு தானாகத் தளர, அவள் காலை அகட்டி நடக்கிறாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்களுக்கும் ஒருத்தி வழி விட்டிருக்கிறாள்.